காணாததைக் காட்டிய படம்: வால்வெள்ளிப் பயணங்களும் கணினி அசைவூட்டமும்

2014ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் மாலை ஐந்து மணி கடந்து மூன்றாம் நிமிடத்தில், ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் உள்ள ஐரோப்பிய விண்வெளி அமைப்பின் கட்டுப்பாட்டு அறை ஆரவாரத்தில் மூழ்கியது. நம் கடிகாரங்கள் அப்போது நள்ளிரவைத் தாண்டியிருந்தன. நம் நாள்காட்டியில் 13ஆம் தேதி பிறந்து மூன்று நிமிடம் ஆகியிருந்தது. ஏறத்தாழ 510 மில்லியன் கிலோமீட்டர் தொலைவில், 67பி சுரியுமோவ்–கெராசிமென்கோ என்னும் வால்வெள்ளியின் மேற்பரப்பை ஃபிலே என்னும் சிறு கலம் தொட்டுவிட்டது என்ற குறிகை, 28 நிமிடப் பயணத்திற்குப் பின் பூமியை வந்தடைந்திருந்தது. மனிதன் செய்த ஒரு பொருள் வால்வெள்ளியொன்றில் மெல்ல இறங்கியது அதுவே முதன்முறை.

அவ்வேளையில் அறிவியலாளர் முன் இருந்தவை எண்களும் வரைகோடுகளுமே. ஆனால் உலக மக்கள் கண்டது வேறு. செய்திகளில் திரும்பத் திரும்ப ஓடிய ஒரு கணினி அசைவூட்டப் படத்தில், ஃபிலே தன் மூன்று கால்களையும் விரித்து, சாய்வின்றி இறங்கி, எறியீட்டிகளைத் தரைக்குள் செலுத்தி, அசையாமல் அமர்ந்தது. படம் அழகாக இருந்தது. பதற்றம் இல்லாமலும் இருந்தது. உண்மையிலோ, டார்ம்ஸ்டாட்டில் கைதட்டல் எழுந்த அந்நேரத்தில் ஃபிலே வால்வெள்ளியின் மேல் அமர்ந்திருக்கவில்லை. எறியீட்டிகள் வெடித்துப் பாயவில்லை. தரையில் மோதிய கலம் மீண்டும் மேலெழும்பி, இருளில் மிதந்துகொண்டிருந்தது.

இவ்வுரையில் நாம் எடுத்துக்கொள்ளும் பொருள் இந்த இடைவெளிதான். வால்வெள்ளிகளை நோக்கிச் சென்ற விண்கலங்களின் வரலாறு நூல்களில் விரிவாக எழுதப்பட்டுள்ளது. அக்கலங்களை நம் கண்முன் நிறுத்திய கணினிப் படங்களுக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதை நாம் பெரிதும் எண்ணிப் பார்ப்பதில்லை. அப்படங்கள் நடக்கப்போவதைக் கணித்து வரைந்தவை. ஆயினும் நடந்ததைப் பதிவு செய்தவை போன்ற தோற்றத்தோடு நம்மிடம் வந்து சேர்கின்றன. ஆசிரியராயினும் மாணவராயினும், ஒரு படத்தை முன்கணிப்பு என்று கொள்வதா, பதிவு என்று கொள்வதா என்பதைப் பொறுத்தே நாம் அதிலிருந்து கற்பது அமைகிறது.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு சொல். வால்நட்சத்திரம், வால்மீன், வால்வெள்ளி என நாம் இன்று பலவாறாக வழங்கும் இவ்விண்பொருளைப் பழந்தமிழர் புகையோடு சேர்த்தே பெயரிட்டனர். புறநானூற்றில் வரும் ‘தூமம்’ என்ற சொல்லுக்கும் சிலப்பதிகாரத்தில் வரும் ‘புகைக்கொடி’ என்ற சொல்லுக்கும் உரை கண்டோர் இப்பொருளே கொண்டனர். தீங்கின் அறிகுறியாகக் கண்ட அச்சத்தை நாம் விட்டுவிட்டோம். ஆனால் வாயுவும் தூசும் கசிந்து கொடிபோல் நீளும் ஒன்றிற்குப் புகைக்கொடி என்ற பெயர் எவ்வளவு பொருத்தம் என்பதை எண்ணி வியக்கலாம். ‘அசைவூட்டம்’ என்ற சொல் புதியது. அதன் ஆங்கில இணைச்சொல்லின் வேரில் உயிர், மூச்சு என்னும் பொருள் உறைகிறது. தமிழில் ‘உயிரூட்டம்’ என வழங்குவோரும் உளர். நமக்கு அசைவூட்டம் என்பதே ஏற்றதாகப் படுகிறது. அது அசையாப் படத்திற்கு அசைவைத் தருகிறது. அதற்கு மேல் எதையும் உறுதி கூறுவதில்லை.

கணினி வருவதற்கு முன்பே விண்வெளியைக் காட்சியாக்கியோர் இருந்தனர். அமெரிக்க ஓவியர் செஸ்லி போன்ஸ்டெல் 1940களிலும் 1950களிலும் வரைந்த நிலவுக் காட்சிகளில் மலைகள் கூர்மையாக, செங்குத்தாக எழுந்து நின்றன. காற்றும் மழையும் இல்லாத இடத்தில் மலை தேயாது என்ற எண்ணம் அன்று இயல்பாகவே தோன்றியது. அப்பல்லோ வீரர்கள் கண்ட நிலவிலோ மலைகள் மழுங்கி உருண்டிருந்தன. கோடிக்கணக்கான ஆண்டுகளாக நுண்கற்கள் மோதி மோதி அவற்றைத் தேய்த்திருந்தன. ஓவியர் தவறு செய்தார் என்று நாம் இதைச் சொல்லவில்லை. அவர் காலத்து அறிவு எங்கே நின்றது என்பதை அவர் ஓவியம் துல்லியமாகக் காட்டுகிறது என்றே சொல்கிறோம்.

கணினி அசைவூட்டம் விண்வெளிப் பயணத்தோடு உறுதியாகக் கைகோத்தது 1970களின் இறுதியில், கலிபோர்னியாவில் உள்ள நாசாவின் ஜெட் புரொப்பல்ஷன் ஆய்வகத்தில். யூட்டா பல்கலைக்கழகத்தில் கணினி வரைகலை பயின்ற ஜிம் பிளின் அங்கே பணியாற்றினார். 1977இல் ஏவப்பட்ட இரு வாயேஜர் கலங்களும் வியாழனையும் சனியையும் கடந்து செல்லும் காட்சியை அவர் கணினியில் உருவாக்கினார். பயணத் திட்ட வடிவமைப்பில் முதன்மையானவராக இருந்த சார்லஸ் கோல்ஹேஸ் இம்முயற்சிக்கு ஊக்கம் அளித்தார். அப்படங்களின் சிறப்பு அழகில் மட்டும் இல்லை. எந்த நொடியில் கலம் எங்கே இருக்கும், அதன் ஒளிப்படக்கருவி எத்திசையை நோக்கும், அப்போது எந்த நிலவு எந்தக் கோணத்தில் தெரியும் என்பவை யாவும் உண்மையான பாதைக் கணக்குகளிலிருந்து எடுக்கப்பட்டவை. ஓவியர் தம் விருப்பப்படி கலத்தை நிறுத்திய காலம் போய், கணக்கு நிறுத்திய இடத்தில் கலம் நின்றது.

ஆனால் அக்கணக்கு சொல்லாத ஒன்று படத்தில் இருந்தது. வியாழனின் நிலவுகளின் முகம் அணுக்கத்தில் எப்படியிருக்கும் என்பது 1979 மார்ச் மாதம் வரை எவருக்கும் தெரியாது. படத்தில் இருந்த நிலவுகள் ஊகத்தின் நிறம் பூசியவை. கலம் சென்றடைந்தபோது ஐயோ என்னும் நிலவில் எரிமலைகள் கனன்றுகொண்டிருந்தன. அதை எந்த அசைவூட்டமும் முன்னறிந்து காட்டியிருக்கவில்லை. பாதை உண்மை, பரப்பு ஊகம் என்னும் இந்தக் கலப்பு அன்று தொடங்கியது. வால்வெள்ளிப் படங்கள் அனைத்திலும் அது தொடர்கிறது. அவற்றைப் படிக்க முற்படும் எவரும் முதலில் பிரித்தறிய வேண்டியதும் இதுவே.

1986இல் ஹேலி வால்வெள்ளி மீண்டும் வந்தபோது ஐந்து கலங்கள் அதை எதிர்கொள்ளச் சென்றன: சோவியத் ஒன்றியத்தின் வேகா இரண்டு, ஜப்பானின் இரண்டு, ஐரோப்பாவின் ஜியோட்டோ. இத்தாலிய ஓவியர் ஜியோட்டோவின் பெயரை அக்கலம் தாங்கியது. 1301இல் ஹேலி தோன்றியதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின் அவர் பதுவா நகரத் தேவாலயச் சுவரில் வரைந்த கிறிஸ்து பிறப்புக் காட்சியில், பெத்லகேம் விண்மீன் நெருப்பு வால் கொண்ட வால்வெள்ளியாக இருக்கிறது. தாம் வானில் கண்டதையே அவர் வரைந்தார் என்று பலரும் கருதுவர். ஏழு நூற்றாண்டுக்கு முந்தைய அவ்வோவியருக்கு இருந்த நற்பேறு, இருபதாம் நூற்றாண்டின் கணினிக் கலைஞருக்கு இல்லை. வால்வெள்ளியின் வாலை எல்லோரும் கண்டிருந்தனர். அதன் உட்கருவை எவரும் கண்டதில்லை.

உட்கரு பற்றிய எண்ணத்தை அன்று ஆண்டது ஓர் உவமை. 1950இல் அமெரிக்க வானியலாளர் ஃபிரெட் விப்பிள், வால்வெள்ளியின் உட்கரு பனியும் தூசும் கலந்த திரள் என விளக்கினார். அது ‘அழுக்குப் பனிப்பந்து’ என்னும் பெயரால் பரவியது. அறிவியல் கருத்தாக அது வலுவானது. பெரும்பாலும் சரியானதும் கூட. ஆனால் உவமைக்கு ஒரு தனி வலிமை உண்டு. பனிப்பந்து என்று கேட்டவுடன் மனம் வெண்மையை வரைந்துவிடுகிறது; ‘அழுக்கு’ என்ற அடைமொழியை எளிதில் மறந்துவிடுகிறது. இன்றும் வகுப்பறையில் வால்வெள்ளியை வரையச் சொன்னால் வெள்ளை உருண்டையும் நீல வாலுமே தாளில் தோன்றுவதை ஆசிரியர் அறிவர்.

மார்ச் 6, 9 ஆகிய நாள்களில் வேகா கலங்கள் அனுப்பிய படங்களைக் கொண்டு உட்கருவின் இருப்பிடம் கணிக்கப்பட்டது. அக்கணிப்பின் துணையால் 14ஆம் நாள் ஜியோட்டோ 596 கிலோமீட்டர் அளவுக்கு அதை நெருங்கியது. நொடிக்கு 68 கிலோமீட்டர் வேகம். அவ்வேகத்தில் ஒரு சிறு தூசும் தோட்டாவே. மிக அணுக்கமாக நெருங்குவதற்குச் சில நொடிகளுக்கு முன் ஒரு துகள் மோதிக் கலம் தள்ளாடியது. தொடர்பு அறுந்து அறுந்து வந்தது. ஒளிப்படக்கருவி அதன்பின் படம் எதுவும் தரவில்லை. அதற்கு முன் வந்துசேர்ந்த படங்கள் தொலைக்காட்சியில் நேரடியாகக் காட்டப்பட்டன. ஒளியின் அளவைப் பிரித்துக் காட்டும் பொருட்டுச் செயற்கை நிறங்கள் தீட்டப்பட்ட அப்படங்களில் சிவப்பும் நீலமும் பச்சையுமாகத் திட்டுகள் தெரிந்தன. எது உட்கரு, எது வாயுத் தாரை என்று பார்த்தோர் குழம்பினர். அவை நடந்ததன் உண்மையான பதிவுகள். ஆயினும் எவருக்கும் எளிதில் விளங்கவில்லை. அவற்றை ஆராய்ந்து இணைத்த பின்னரே உருவம் தெளிந்தது: ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நீளமுள்ள, உருண்டையல்லாத ஒரு கட்டி. தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு நான்கு பங்கை மட்டுமே திருப்பி அனுப்பும் அது, கரியைப் போன்ற கறுப்பு. படங்களில் மிகப் பிரகாசமாக இருந்தது உட்கரு அன்று. அதிலிருந்து பீறிட்ட தூசுத் தாரைகளே.

உண்மையான பதிவு விளங்காமல் போனதும், கற்பனைப் படம் உடனே விளங்கியதும் ஒரே நிகழ்வின் இரு பக்கங்கள். அசைவூட்டத்தின் மேல் விண்வெளி அமைப்புகள் பின்னாளில் கொண்ட நாட்டத்திற்கு இதுவும் ஒரு காரணம் என்பது நம் கருத்து. மக்கள் வரிப்பணத்தில் பல ஆண்டுகள் பயணம் செய்யும் கலம், இறுதியில் நிறத் திட்டுகளை மட்டும் அனுப்பினால், அம்மக்களிடம் என்ன சொல்வது? இன்னொரு காரணம் இதைவிட எளியது. கலம் தன்னைத் தானே வெளியிலிருந்து படம் எடுக்க இயலாது. வால்வெள்ளியின் அருகே கலம் மிதக்கும் காட்சி ஏறத்தாழ எப்போதுமே வரைந்ததாகவே இருக்கும். அக்காட்சியைக் காண அங்கே வேறு எவரும் இல்லை.

வேறு எவரேனும் அங்கே இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2005 ஜூலை 4 ஒரு சான்று. நாசாவின் டீப் இம்பேக்ட் கலம் 370 கிலோகிராம் எடையுள்ள ஒரு மோதுகலத்தை டெம்பல் 1 வால்வெள்ளியின் பாதையில் விட்டுவிட்டு, தான் 500 கிலோமீட்டர் தொலைவில் கடந்து சென்றபடி அம்மோதலைப் படம் எடுத்தது. மோதலால் உண்டாகும் குழி ஒரு வீட்டளவா, விளையாட்டரங்கின் அளவா என்று முன்கூட்டியே விவாதிக்கப்பட்டது. குழியைக் கண்டு வால்வெள்ளியின் உள்ளமைப்பை அறிவதே நோக்கம். நொடிக்குப் பத்துக் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் மோதல் நிகழ்ந்தது. கண்ணைக் கூசும் ஒளி எழுந்தது. மாவுபோன்ற நுண்தூசு கிளம்பிக் காட்சியை மூடியது. கலம் கடந்து போகும் வரை தூசு அடங்கவே இல்லை. குழியைக் காண்பதற்கு இன்னொரு கலம் தேவைப்பட்டது. வில்ட் 2 வால்வெள்ளியின் தூசைச் சேகரித்து 2006இல் பூமிக்கு அனுப்பிவிட்டிருந்த ஸ்டார்டஸ்ட் கலத்தைத் திருப்பி, 2011 பிப்ரவரியில் டெம்பல் 1 அருகே கொண்டு சென்றனர். ஏறத்தாழ 150 மீட்டர் அகலமுள்ள, மழுங்கிய, அவ்வளவாகக் கண்ணில் படாத ஒரு பள்ளம் தெரிந்தது. ஓர் அசைவூட்டப் படத்தில் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடக்கூடிய காட்சி நிறைவு பெற ஐந்தரை ஆண்டுகளுக்கும் மேலாயிற்று.

இனி, நாம் தொடங்கிய ரொசெட்டாவுக்கு வருவோம். ஐரோப்பியரின் இக்கலம் முதலில் விர்டானென் என்னும் வேறொரு வால்வெள்ளிக்கென வடிவமைக்கப்பட்டது. 2002 டிசம்பரில் ஓர் ஏரியான் 5 ஏவுகணை தோல்வியுற்றதால் ஏவும் நாள் தள்ளிப்போனது. விர்டானெனைப் பிடிக்கும் வாய்ப்பு நழுவியது. மாற்று இலக்காக, 1969இல் கிளிம் சுரியுமோவ், சுவெத்லானா கெராசிமென்கோ ஆகிய இருவரும் கண்டறிந்த 67பி தெரிவாயிற்று. அது எப்படிப்பட்டது என்று அறிய 2003இல் ஹப்பிள் தொலைநோக்கியைத் திருப்பினர். அத்தொலைவிலிருந்து அது ஓர் ஒளிப்புள்ளிதான். அப்புள்ளியின் ஒளி கூடிக் குறைவதைக் கொண்டு, ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் நீளமும் மூன்று கிலோமீட்டர் அகலமும் உள்ள, ரக்பி பந்து போன்ற வடிவம் கணிக்கப்பட்டது. 2004 மார்ச் 2ஆம் நாள் கலம் ஏவப்பட்டபோதும் அதன்பின் பத்தாண்டுகளும் உலகம் கண்ட அசைவூட்டங்களில் இருந்தது ஏறக்குறைய அத்தகைய ஒரு கட்டியே.

கதிரவனிலிருந்து மிகத் தொலைவு சென்ற கலத்தை 2011 ஜூன் மாதம் உறங்க வைத்தனர். 31 மாதம் கழித்து, 2014 ஜனவரி 20இல் அது தானே விழித்தது. அவ்விழிப்பையொட்டி ஐரோப்பிய விண்வெளி அமைப்பு சிறுவர் கதைபோல் ஒரு கேலிச்சித்திர அசைவூட்டத் தொடரை வெளியிட்டது. ரொசெட்டாவுக்கும் ஃபிலேவுக்கும் கண்ணும் வாயும் முளைத்தன; ஃபிலே முதுகுப்பை தாங்கிய குறும்புத் தம்பியானான். அறிவியலாளர் சிலர் இதைச் சிறுபிள்ளைத்தனம் எனக் கருதியிருக்கக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. கலத்துக்கு முகம் வரைந்த படம் தன்னை உண்மையென்று எவரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. குழந்தையும் அதை ஒளிப்படம் என நம்பாது. நம்மை ஏமாற்றும் ஆற்றல் மெய்போல் மின்னும் படத்துக்குத்தான் உண்டு.

2014 ஜூலை மாத நடுவில் ரொசெட்டாவின் கருவி அனுப்பிய படங்களில் ரக்பி பந்து இல்லை. ஒன்றோடொன்று ஒட்டிய இரண்டு கட்டிகள். இடையில் ஒடுங்கிய கழுத்து. பெரிய கட்டி நான்கு கிலோமீட்டருக்குச் சற்றே மேற்பட்ட நீளம். சிறியது இரண்டரைக்கு மேல். குளியல் தொட்டியில் மிதக்கும் இரப்பர் வாத்து என்று உலகம் அதற்குப் பெயரிட்டது. பத்தாண்டுகள் ஓடிய அசைவூட்டங்கள் அனைத்தும் ஒரே வாரத்தில் பழம்படங்களாயின.

இங்கே அசைவூட்டம் தன் இன்னொரு முகத்தைக் காட்டியது. பொதுமக்களுக்கான படம் பொய்த்துப்போன அதே வாரங்களில், கணினியில் எழுப்பிய முப்பரிமாண உருவமே அறிவியலாளரின் முதன்மைக் கருவியாயிற்று. நூற்றுக்கணக்கான படங்களை ஒப்பிட்டு, நிழல்களின் நீளத்தைக் கணக்கிட்டு, மேடு பள்ளங்களோடு வால்வெள்ளியைக் கணினிக்குள் மீண்டும் படைத்தனர். 12.4 மணி நேரத்துக்கு ஒருமுறை சுழலும் அவ்வுருவத்தின் மேல் கதிரவ ஒளியைப் பாய்ச்சி, எந்த இடத்தில் எவ்வளவு நேரம் வெளிச்சம் விழும், எந்த இடத்தில் பாறை மறிக்கும் என்று ஆராய்ந்தனர். பத்து இடங்கள் ஐந்தாகி, செப்டம்பர் நடுவில் ஒன்றாயின. சிறிய கட்டியின் மேலிருந்த அவ்விடத்துக்கு, மக்களிடம் பெயர் கேட்டு, அகில்கியா எனப் பெயரிட்டனர். எகிப்தில் ஃபிலே தீவுக் கோவில் வெள்ளத்திலிருந்து காக்கப்பட்டு இடம்பெயர்ந்த தீவின் பெயர் அது. ரொசெட்டா என்பதும் மறைந்த எழுத்தைப் படிக்க உதவிய கல்லின் பெயர்தான் என்பதை மொழி பயில்வோர் அறிவர். ஒரு மொழியின் திறவுகோலை விண்கலத்துக்குப் பெயராக்கியவர்களின் நயம் நமக்கு மகிழ்ச்சியளிக்கிறது.

நவம்பர் 12 அன்று ஃபிலே தாய்க்கலத்தை விட்டுப் பிரிந்து தரையைத் தொட ஏழு மணி நேரம் ஆயிற்று. நொடிக்கு ஒரு மீட்டர் என்னும் நடைவேகத்தில் அது விழுந்தது. பூமியில் நூறு கிலோகிராம் நிறுக்கும் அக்கலம் அங்கே ஒரு கிராம் அளவுக்கே நிறுக்கும். ஆகவே விழுவதைவிட விழுந்த இடத்தில் நிற்பதே அரிது. தரையோடு கலத்தை அழுத்திப்பிடிக்க வேண்டிய மேற்புற உந்தி வேலை செய்யாது என்பது பிரிவதற்கு முன்பே தெரிந்திருந்தது. எறியீட்டிகளும் கைவிட்டன. நொடிக்கு ஏறத்தாழ 38 சென்டிமீட்டர் வேகத்தில் கலம் எகிறியது. இன்னும் சற்றே விரைவாக எகிறியிருந்தால் அது திரும்பி வந்திருக்காது; வால்வெள்ளியின் ஈர்ப்பிலிருந்தே விடுபட்டிருக்கும். ஒரு மணி ஐம்பது நிமிடம் மிதந்து, வழியில் ஒரு விளிம்பில் உரசி, மீண்டும் தொட்டு, மீண்டும் எகிறி, இறுதியில் ஒரு குன்றின் நிழலில் சாய்ந்து நின்றது. அங்கே கதிரவ ஒளி போதவில்லை. அடிப்படை மின்கலத்தின் வலுவில் ஏறத்தாழ 57 மணி நேரம் ஆய்வு செய்துவிட்டு உறங்கிப்போனது.

கலம் எங்கே நின்றது என்பது ஏறத்தாழ 22 மாதம் வரை உறுதியாகத் தெரியவில்லை. 2016 செப்டம்பர் 2இல், 2.7 கிலோமீட்டர் உயரத்திலிருந்து ரொசெட்டா எடுத்த ஒரு படத்தில், இருண்ட பிளவுக்குள் பக்கவாட்டில் சாய்ந்து, ஒரு காலை மேலே நீட்டியபடி ஃபிலே தென்பட்டது. முந்தைய அசைவூட்டத்தில் நிமிர்ந்து அமர்ந்த கலத்தையும் இப்படத்தையும் அடுத்தடுத்து வைத்து மாணவருக்குக் காட்டலாம். எது மெய் என்று கேட்பதைவிட, முதற்படத்தில் எவை கணக்கிலிருந்து வந்தன, எவை நம்பிக்கையிலிருந்து வந்தன என்று அவர்களையே பிரிக்கச் சொல்வது பயனுடையது. இறங்கிய பாதையும் தொட்ட இடமும் கணக்கு. முதல் தொடுகை, குறித்த இடத்திற்கு மிக அருகிலேயே நிகழ்ந்தது. அமர்ந்த நிலை நம்பிக்கை. இரண்டும் ஒரே ஒளியில், ஒரே மெருகில் வரையப்பட்டிருந்ததால் பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியவில்லை.

நிகழ்ந்ததை அறிந்த பின் மீண்டும் அசைவூட்டமே துணைக்கு வந்தது. ஃபிலேயின் எகிறல்களைக் காட்டும் புதிய படங்கள் உருவாயின. இம்முறை அவை தரவுகளின் மேல் நின்றன. இரண்டாம் முறை தொட்ட இடம் மட்டும் பிடிபடாமல் இருந்தது. 2020 அக்டோபரில் லாரன்ஸ் ஓரூர்க் தலைமையிலான ஆய்வுக்குழு அதையும் கண்டறிந்து அறிவித்தது. காந்தப்புலத்தை அளக்க ஃபிலே நீட்டியிருந்த ஒரு கம்பி, கலம் தரையில் மோதியபோது அசைந்திருந்தது. அவ்வசைவு காந்தப்புல அளவீட்டில் பதிந்திருந்தது. அதைக் கொண்டு, கலம் அவ்விடத்தில் இரண்டு நிமிடம் அளவுக்குத் தங்கி நான்கு முறை தரையைத் தொட்டது என்று மீட்டெடுத்தனர். பாறைகளின் இடுக்கில் அது அழுத்திச் சென்ற பழம்பனி, கப்புசினோ காப்பியின் நுரையைவிட மென்மையானதாம். நாம் தே தாரிக்கின் நுரையை எண்ணிக்கொள்ளலாம். பதிவு செய்வதற்கென்று எவரும் வைக்காத ஓர் அசைவு ஆறு ஆண்டுகளுக்குப் பின் படிக்கப்பட்டது என்பதே இவ்வரலாற்றில் நம்மை மிகவும் கவர்ந்த பகுதி.

ஒளிப்படமானாலும் ஐயத்துக்கு அப்பாற்பட்டதன்று என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 67பியின் பரப்பு தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு ஆறு பங்கையே திருப்பும். நாம் காணும் சாம்பல்நிறப் படங்கள், மேடு பள்ளம் தெரியும்படி வெளிச்சம் கூட்டப்பட்டவை. உள்ளபடியே காட்டினால் கரித்துண்டுபோல் தெரியும். ரொசெட்டாவின் படத்தொகுப்பு பொதுவெளிக்கு வந்த பின், ஆர்வலர் பலர் அவற்றை வரிசையாகக் கோத்துத் தாமே அசையும் படங்களாக்கினர். 2018இல் அத்தகைய ஒரு சிறு படம் இணையத்தில் பெரிதும் பரவியது. 2016 ஜூன் முதல் நாள் எடுத்த படங்களால் ஆனது அது. செங்குத்தான பாறையின் முன் பனி கொட்டுவதுபோல் ஒரு காட்சி. அதில் எந்தப் பகுதியும் வரைந்ததன்று. ஒவ்வொரு புள்ளியும் மெய்யான பதிவு. ஆயினும் அங்கே பனிமழை பெய்யவில்லை. பின்புலத்தில் நகர்ந்தவை விண்மீன்கள். முன்னே பறந்தவை தூசுத் துகள்கள். இடையிடையே மின்னியவை ஒளிப்படக்கருவியைத் தாக்கிய அண்டக்கதிர்கள். 25 நிமிட நேரம் சில நொடிகளாகச் சுருங்கியதால், மெதுவாக நிகழ்ந்தது வேகமாகி, நமக்குப் பழகிய பனிப்பொழிவின் உருவம் கொண்டது.

ரொசெட்டா 2016 செப்டம்பர் 30இல் அவ்வால்வெள்ளியின் மேலேயே இறக்கப்பட்டுத் தன் பணியை முடித்துக்கொண்டது. அடுத்து, காமெட் இன்டர்செப்டர் என்னும் கலத்தை ஐரோப்பிய விண்வெளி அமைப்பு, ஜப்பானிய விண்வெளி அமைப்போடு சேர்ந்து, 2029ஆம் ஆண்டில் ஏவத் திட்டமிட்டுள்ளது. அது பூமியிலிருந்து ஏறத்தாழ 1.5 மில்லியன் கிலோமீட்டர் தொலைவில் சென்று காத்திருக்கும். கதிரவ மண்டலத்தின் விளிம்பிலிருந்து முதன்முறையாக உள்ளே வரும் வால்வெள்ளி ஒன்று தென்பட்டதும், அதை எதிர்கொள்ளப் புறப்பட்டு, மூன்றாகப் பிரிந்து, மூன்று கோணங்களில் படம் எடுக்கும். எந்த வால்வெள்ளி என்பது தெரியாது. அது இன்னும் எவராலும் கண்டறியப்படாத ஒன்றாக இருக்கலாம். அப்பயணத்தின் அசைவூட்டப் படங்களோ இப்போதே வெளிவந்துள்ளன. அவற்றில் மூன்று கலங்களும் ஒரு வால்வெள்ளியைக் கடந்து செல்கின்றன. அதற்கு உட்கரு இருக்கிறது, ஒளிர்கிற தலை இருக்கிறது, நீண்ட வால் இருக்கிறது. பெயர் மட்டும் இல்லை.